டி பிளாக் தண்ணி

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில்
எங்கள் குழுவின் பெயர் ‘டி பிளாக் தண்ணி’.
நாற்பத்தெட்டு வீடு, நாற்பத்தியொரு நம்பர்.
லாரி வந்தால் ஒரு வரி,
வராவிட்டால் ஒன்பது.
வேறு பேச்சு கூடாதென்பது
செக்ரட்டரி எபினேசர் போட்ட சட்டம்.
ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பிய
முதல் மாடி சம்பூரணத்தை
இரண்டு நாள் நீக்கி வைத்திருந்தார்.

நான் துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறவன்.
நாலு எழுத்து, ஏழு எண்.
ஷிப்டுக்கு முந்நூறு பெட்டி கண்முன்னால் போகும்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
பதினாறு வருஷத்தில் கேட்டதில்லை.
பூட்டில் சீல் இருந்தால் போதும்.
வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின்
கட்டைவிரல் மட்டும் வேலையைத் தொடரும்:
முகம், முகம், பிரியாணி,
யாரோ ஒருத்தியின் நாய்,
முகம்.

ஆவணியில் ஒரு ராத்திரி காய்ச்சல்.
மணலிப் பக்கத்து ஆலைச் சுவாலை
ஜன்னல் கம்பிக்கு அப்பால் சிவந்து கிடந்தது.
கஞ்சி வைக்க எழுந்தால்
தரையும் கூடவே எழுந்தது.
மணி மூன்று பத்து.
போனில் எண்ணூற்றுச் சொச்சம் பெயர்.
மேலிருந்து கீழே போனேன், கீழிருந்து மேலே.
அக்காவைக் கூப்பிட்டால்
ஆவடியிலிருந்து அழுதுகொண்டே கிளம்பி வருவாள்.
மற்றவர்களிடம் என்ன காரணம் சொல்ல?
கை நடுங்கியதில்
தண்ணிக் குழுவில் போய் விழுந்தது அந்த வரி:
‘யாராவது முழிச்சிருக்கீங்களா?’

கை நடுங்கியதென்பது பொய்.
தெரிந்துதான் போட்டேன்.

பார்த்தவர்கள் நாலு பேர்.
பிறகு ஏழு.
யாரோ எழுதத் தொடங்கி, நிறுத்தினார்கள்.
லாரி வராத அன்று
என்ன வேகம் இந்த ஏழு பேருக்கும்!

அப்போது சமையலறைக் குழாயில்,
டங்.
நாலு மாடியையும் துளைத்து இறங்கும் பொதுக்குழாய்.
தண்ணீரைக் கண்டு பல மாதம்.
மறுபடியும் டங், டங்.
கரண்டியா, சாவியா,
மேலேயா, கீழேயா?
காதை வைத்தேன்.
காய்ச்சலுக்கு இரும்பு இதமாக இருந்தது.
டீ ஸ்பூனால் ஒரு தட்டு.
அங்கிருந்து இரண்டு.
நானும் இரண்டு.
அங்கே ஒன்று, சோம்பலாக,
கொட்டாவி மாதிரி.
அவ்வளவுதான்.
அடுப்படியிலேயே தூங்கிப்போனேன்.

காலையில் எபினேசர்:
‘நைட்ல பைப்ப தட்னது யாருப்பா?
லைன் லீக்கானா எவன் பொறுப்பு?’
முப்பத்தாறு பேர் பார்த்தார்கள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அப்படியோர் ஒற்றுமையை
இந்த பிளாக் அதற்குமுன் கண்டதில்லை.

லாரி வரிசையில் நின்றபடி
ஒவ்வொரு கையாகப் பார்த்தேன்.
வளையல் கை, பிளாஸ்திரி ஒட்டிய கை,
குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுப்
போனை நோண்டும் நசீமாவின் கை.
எல்லாக் கையும் தட்டக்கூடிய கைதான்.

‘இன்னா சார், கண்ணு செவந்துகீது?’
மூணாவது மாடி தேசிங்கு.
‘ஜுரம்.’
‘மாத்திர போட்டியா?’
‘இல்ல.’
‘லூசா நீ?’
சார் உதிர்ந்துபோயிருந்தது.
என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிப் படியேறினார்.
இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.
‘ராத்திரி குழாய்ல…’
‘ஐஸ் பேக்டரில நைட் டூட்டிப்பா எனக்கு.
இப்பதான் காசிமேட்லேர்ந்து வர்றேன்.
இன்னா குழாய்?’

மாத்திரையும் இரண்டு பன்னும் வந்தன.
மதியம் ரசம் வந்தது.
யார் தட்டினார்கள் என்பது
இன்றுவரை தெரியாது.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ராத்திரி,
இரண்டரை மணி, குழுவில்:
‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’
பெயர் வைக்காத நம்பர்.
ஸ்பூனைத் தேடினேன், கழுவாத பாத்திரத்தில்
எங்கோ கிடந்தது.
விட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டினேன்.
எந்த வீடென்று தெரியாது.
விளக்கெரிகிற கதவு ஒன்றாவது இருக்கும்.
இல்லையென்றால் தேசிங்கை எழுப்பலாம்,
இந்த வாரம் அவருக்குப் பகல் டூட்டி.
லூசா நீ என்பார்.
சட்டையை மாட்டிக்கொண்டு வருவார்.